நீலப் பெட்டியும் பச்சைப் பெட்டியும்

1

ஒரு வருடமாகக் கொழும்பில் ஒரு சிறு வட்டத்தில் என் பெயர் கெட்டிருந்தது. கண் தெரியாத ஒருவரை ஏமாற்றி அவருடைய வாக்கைத் தவறான பெட்டியில் போடவைத்த இந்தியாக்காரன் என்பது என்மேல் இருந்த குற்றச்சாட்டு. சென்ற சனிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், அது நீங்கியது. நம்மூர்ப் பத்திரிகைக்கு நான் இதுவரை எழுதிய குறிப்புகளில் இதைத் தொட்டதில்லை. தொட எனக்கு உரிமை இருக்கவில்லை. சம்பந்தப்பட்டவரே சபையில் எழுந்து சொல்லிவிட்டதால் இப்போது எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பாளையங்கோட்டை வாசகர்களுக்கு முதலில் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். உடம்பு பிடித்துவிடுகிறவர் என்றால் நாம் எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறவரைத்தான் நினைப்போம். நான் சொல்லும் ஆட்கள் வேறு. டாக்டர் எலும்பை வைத்துக் கட்டி, கட்டு அவிழ்த்த பிறகு, மடங்காத முழங்காலையும் திரும்பாத தோளையும் பழையபடி வேலை செய்யவைப்பவர்கள் இவர்கள். மசாஜ், தேகப்பயிற்சி, இப்போது புதிதாக மின்சார சிகிச்சை. வெள்ளை மேலங்கி போட்டிருப்பார்கள். டாக்டரின் சீட்டு இல்லாமல் யாரையும் தொடமாட்டார்கள். இவர்களுக்குக் கொழும்பில் ஒரு சங்கம் இருக்கிறது. சங்கத்தில் இல்லாதவரை ஆஸ்பத்திரிகள் வேலைக்கு எடுப்பதில்லை.

அங்கத்தவர்களில் ஒரு பகுதியினர் பார்வையற்றவர்கள். சீமையில் இந்தத் தொழிலைப் பார்வையற்றவர்களுக்குக் கற்பிக்கும் வழக்கம் உண்டு. அதைப் பார்த்து இங்கேயும் கற்றுக்கொடுத்தார்கள். நம்மூர்ப் பார்வையற்றோர் பள்ளியில் பிள்ளைகள் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவதை நான் சிறுவயதில் வேலி இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். நாங்கள் பார்ப்பது அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் உள்ளேயிருந்து ஒருவன், "எவம்ல அங்க நிக்கது?" என்று கேட்டான். ஓடிவிட்டோம். அதற்குப் பிறகு பார்வையற்ற ஒருவரை நான் அருகில் அறிந்தது இங்கே வந்துதான்.

2

ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டுப் போன பிறகு, இங்கிருந்த நம்மவர் பலரைப் போல நானும் மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் ஊருக்கு அனுப்பினேன். நான் வேலை செய்யும் தமிழ்த் தினசரி நிற்கவில்லை. ஆகவே நானும் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்த வீட்டை விட்டு அதே தெருவில் ஒரு அறைக்கு மாறினேன். கோயில் மணியும் மாதாகோயில் மணியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் அறை. பேச்சுச் சத்தம்தான் கிடையாது.

அந்த மழைக்காலத்தில் அச்சக மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்தது. கட்டு அவிழ்த்தபோது கை மரக்கட்டைபோல இருந்தது. பேனா பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் என்னைச் சபாரத்தினத்திடம் அனுப்பினார்கள். பார்வையற்றவர், ஐம்பது வயது மதிக்கலாம். மெலிந்த உடம்பு, அகலமான கை. என் கையை ஒரு தலையணைமேல் வைத்து விரல் விரலாக வளைத்தார்.

"என்ன வேலை செய்யிறனீங்கள்?"

"பத்திரிகையில எழுதுதேன்."

"அப்ப இந்தக் கையால கனக்கப் பொய் எழுதியிருப்பியள். நோகத்தான் செய்யும்."

வலியோடு சிரித்தேன். வீட்டார் போனபிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான் என்பது அறைக்குத் திரும்பும்போது நினைவுக்கு வந்தது.

கை சரியான பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தைக்குப் போகத் தொடங்கினேன். கோட்டை ஸ்டேஷனில் ரயிலேறினால் கடலோரமாகவே போய் இறங்கலாம். காலி ஊருக்குப் போகும் பெரிய வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு சந்தில், இங்கே சொல்வதுபோல் ஒழுங்கையில், அவர் வீடு. ரயில் போகும்போது அலமாரியில் கோப்பைகள் நடுங்கும். அரிசி கூப்பனுக்கு அளந்து கொடுக்கும் காலம். ஆகவே விருந்தாளி தன் அரிசியைத் தானே கொண்டுபோவது கொழும்பில் வழக்கமாகிவிட்டிருந்தது. நானும் ஒரு துணிப்பையில் கொண்டுபோவேன். சபாரத்தினத்தின் மனைவி மகேஸ்வரி அதை வாங்கித் தங்கள் அரிசியோடு கலந்து உலையில் போடுவார்.

"வேலாயுதம் அண்ணை, இண்டைக்குக் கணவாய்க் கறி. உங்கட ஊரில இது சாப்பிடுவினமோ?"

"எங்க ஊர்ல கடல் இல்லைம்மா. ஆறுதான்."

"ஐயோ பாவம். அப்ப என்னத்தைத்தான் சாப்பிட்டு வளந்தனீங்கள்?"

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் குலசிங்கம். மகேஸ்வரியின் தம்பி, முப்பது வயது. அவனும் அதே தொழில். யுத்தகாலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் மின்சார சிகிச்சை படித்துத் தேறியவன். மூன்று மொழியிலும் மேடையில் பேசுவான். தினமும் காலையில் அத்தானை ரயிலேற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மாலையில் திரும்பக் கூட்டிவருவான். சட்டையில் பொத்தான் மாறியிருந்தால் திருத்திவிடுவான். பார்வையற்றவரின் கையை நாம் பிடித்து இழுக்கக் கூடாது, அவர் நம் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரவேண்டும் என்பதை எனக்குச் சொல்லித்தந்தவனும் அவன்தான். பின்னால் நடந்ததை வைத்து அவனை மோசமானவன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

3

சங்கத்தைத் தொடங்கியவர் ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. சீமையில் பயின்று இங்கே வந்து ஒரு தலைமுறைக்கே தொழில் கற்றுக்கொடுத்தவர். அங்கத்தவர்கள் அவரைப் பெரிய நோனா என்பார்கள். நோனா என்றால் இங்கே சீமாட்டி. தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவி. நிர்வாகக் குழுவை அவரே நியமிப்பார். கணக்கை அவரே வாசிப்பார். ஆண்டுக் கூட்டம் தேநீரில் தொடங்கித் தேநீரில் முடியும். நடுவில் ஒரு கைதட்டல்.

குலசிங்கமும் நண்பர்களும் இதை மாற்றவேண்டும் என்றார்கள். தலைமைப் பதவிக்குக் கால எல்லை, குழுவுக்குத் தேர்தல், கணக்கைப் பார்க்க வெளியாள், எல்லாவற்றுக்கும் மேலாக இரகசிய வாக்கு. புதிய விதிகளை நான்தான் தமிழில் எழுதிக்கொடுத்தேன். எங்கள் தினசரியில் ஆதரித்து ஒரு கட்டுரையும் எழுதினேன். நாட்டில் எல்லாருக்கும் வாக்குரிமை வந்து இவ்வளவு காலமாகியும் ஒரு தொழிற்சங்கம் கைதட்டித் தலைவரைத் தேர்வது எனக்கு ஒவ்வாததாக இருந்தது.

சபாரத்தினமும் இரகசிய வாக்கு வேண்டும் என்றார். அவர் சொன்ன காரணம் என் கட்டுரையில் இல்லை.

"நோனா 'கை தூக்குங்கோ' எண்டுவா. பிறகு 'எல்லாரும்' எண்டுவா. எல்லாரும் எண்டால் எத்தினை பேர் எண்டு நான் எப்பிடிக் காணுறது? நான் தூக்காட்டியும் எல்லாரும்தான்."

பெரிய நோனா எதிர்க்கவில்லை. விதிகளை ஏற்றுக்கொண்டார், முதல் தேர்தலில் தாமும் நிற்பதாக மட்டும் சொன்னார். எதிர்த்து நிற்பவன் குலசிங்கம்.

வாக்களிக்கும் முறையைத் தீர்மானிக்கத்தான் அந்த விசேஷக் கூட்டம் நடந்தது. இங்கே அரசாங்க சபைத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் உண்டு. அந்த நிறத்தில் ஒரு பெட்டி. வாக்காளர் மறைப்புக்குள் போய்த் தனக்கு வேண்டியவரின் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வருவார். எழுதத் தெரிய வேண்டியதில்லை. குலசிங்கம் இதையே முன்மொழிந்தான்.

"படிச்சவர், படியாதவர் எல்லாரும் ஒருத்தற்ற உதவியும் இல்லாமல் தனியப் போடலாம். நோனாவுக்கு நீலம். எனக்குப் பச்சை."

பலத்த கைதட்டல். நானும் பத்திரிகையாளர் பெஞ்சில் இருந்து தட்டினேன். சத்தம் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து மாளிகாவத்தைக் காசிம் நானா எழுந்தார். நானா என்றால் முஸ்லிம்களிடையே அண்ணன். அவரும் பார்வையற்றவர், தோள்பட்டை இறுக்கம் எடுப்பதில் பேர்போனவர்.

"மகன், ஒண்டு கேக்கட்டா? எனக்கு எல்லாப் பொட்டியும் ஒரே கறுப்புத்தான். நோனா எந்தக் கறுப்பு, நீங்க எந்தக் கறுப்பு?"

சபை வெடித்துச் சிரித்தது. பார்வையற்றவர்கள் சிரித்ததுதான் அதிகம். மூன்றில் ஒருவராவது பார்வையற்றவராக இருக்கும் ஒரு சங்கம், நிறத்தைப் பார்த்து வாக்களிக்கும் முறையைக் கைதட்டி ஏற்றுக்கொண்டிருந்தது. நான் குலசிங்கத்தின் முகத்தைப் பார்த்தேன். தினமும் காலையில் ஒரு பார்வையற்றவரைத் தன் முழங்கையில் அழைத்துச் செல்கிறவன் அவன். காது நுனிவரை சிவந்துபோனான்.

அவசரமாக ஒரு திருத்தம் சேர்த்தார்கள்: பார்வையற்ற அங்கத்தவர் தமக்கு நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். எல்லாருக்கும் அது போதும் என்று பட்டது. தேநீர் வந்தது.

4

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு, சபாரத்தினம் கடலைப் பார்க்கப் போகலாம் என்றார். அவர் அப்படித்தான் சொல்வார். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்தோம்.

"சனிக்கிழமை நீங்கள் என்னைப் பெட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்."

"குலசிங்கம் இருக்காரே?"

"அவன் தேர்தலுக்கு நிக்கிறவன். தன்ர பெட்டிக்குத் தானே ஆள் கூட்டிக்கொண்டு போகேலுமே?"

"வீட்ல அம்மா?"

"அவ அவன்ர அக்கா. சங்கத்தில மற்ற எல்லாரும் ஒண்டில் நோனான்ர ஆள், இல்லாட்டி இவன்ர ஆள். நீங்கள்தான் சரி, வேலாயுதம். உங்களுக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லை."

அவர் அதை ஒரு தகுதியாகச் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ரயிலில் திரும்பி வரும்போதுதான் அந்த வாக்கியம் வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது.

சனிக்கிழமை மண்டபத்தின் ஒரு மூலையில் வெள்ளைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே ஒரு மேசை. ஒரே தச்சன் ஒரே அளவில் செய்த இரண்டு பெட்டிகள். ஒன்றில் நீலப் பூச்சு, மற்றதில் பச்சை. இடையில் ஒரு முழ இடைவெளி. சபாரத்தினம் என் முழங்கையைப் பிடித்தபடி உள்ளே வந்தார். சீட்டு அவருடைய வலது கையில்.

"நீலம்" என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, என் காதருகே வந்து, "நோனான்ர பெட்டி" என்றார்.

அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். நான் எழுதியது, மொழிபெயர்த்தது, நம்பியது எல்லாம் பச்சைப் பெட்டியின் பக்கம். துணிக்கு அப்பால் யாருக்கும் எதுவும் தெரியாது. அவருக்கும் தெரியாது. இரண்டு பெட்டிகளின் நடுவில் என் கை ஒரு கணம் நின்றது. பிறகு அவருடைய கையை நீலப் பெட்டியின் துவாரத்தில் கொண்டுபோய் வைத்தேன். சீட்டு உள்ளே விழும் சத்தம் கேட்டது.

வெளியே வந்து வாசல் மரத்தடியில் நின்றபோது சொன்னார்.

"உங்கட கை கொஞ்சம் நிண்டது."

"ஓம்" என்றேன். ஆமாம் என்பதற்கு இவர்கள் சொல்லும் அந்தச் சொல் நம்மூர்க்காரன் வாயில் எப்படியோ வந்துவிட்டிருந்தது.

"ஏன் எண்டு நீங்கள் கேக்கேல்ல. எண்டாலும் சொல்லுறன். மின்சார வேலை படியாதவைக்கு முழு அங்கத்துவம் இல்லை எண்டு அடுத்ததா ஒரு விதி கொண்டுவரப்போறான். வீட்டில சொல்லிப்போட்டான். அந்த மெசினில ஊசி எங்க நிக்குது எண்டு பாக்கக் கண் வேணும். 'அத்தான், நீங்கள் யோசியாதேங்கோ, உங்களை நான் பாத்துக்கொள்ளுவன்' எண்டான். நல்ல மனசோடதான் சொன்னவன். எனக்கு ஒருத்தரும் பாத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வேலை வேணும்."

5

பெரிய நோனா மிகச் சொற்ப வித்தியாசத்தில் வென்றார். சீர்திருத்தம் வந்து முதல் தேர்தலிலேயே பழைய தலைவி திரும்ப வந்ததை எங்கள் தினசரி ஒரு மூலையில் வெளியிட்டது.

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல் அரிசிப் பையோடு வெள்ளவத்தைக்குப் போனேன். குலசிங்கம் வாசலிலேயே நின்றான். யார் யார் தன் பக்கம் என்று அவன் ஏற்கனவே கணக்குப் போட்டு வைத்திருந்தவன். தோற்றபிறகு திரும்பத் திரும்ப அதையே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

"வேலாயுதம், ஒண்டு கேக்கவேணும். அத்தான்ர சீட்டை எதுக்குள்ள போட்டனீர்?"

அதுவரை என்னை ஐயா என்றும் நீங்கள் என்றும் சொல்லிவந்தவன்.

"அவரு சொன்ன பெட்டியில."

குலசிங்கம் உள்ளே திரும்பினான். சபாரத்தினம் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கையின் விரல்களை மற்றக் கையால் நீவிக்கொண்டிருந்தார். மகேஸ்வரி அடுப்படிக் கதவில் வந்து நின்றார்.

"அத்தான், நீங்கள் எந்தப் பெட்டி எண்டு சொன்னனீங்கள்?"

ரயில் ஒன்று போனது. அலமாரியில் கோப்பைகள் நடுங்கி அடங்கின.

"பச்சை எண்டுதான் சொன்னனான்" என்றார் சபாரத்தினம்.

குலசிங்கம் என் பக்கம் திரும்பினான். "கேட்டனீரே? கண் தெரியாத மனிசன் உம்மட கையை நம்பி வந்தவர். நோனான்ர ஆக்கள் உமக்கு என்ன தந்தவை? ஆ? மேல கட்டுரை எழுதுறது எங்களுக்கு, கீழ கை நீட்டுறது அவைக்கோ?"

நான் சபாரத்தினத்தைப் பார்த்தேன். நாம் ஒருவரைப் பார்த்து எதையாவது கேட்கிறோம் என்றால் அவர் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அது அங்கே நடக்க வழியில்லை. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தால், தினமும் காலையில் அவர் பிடித்துப்போகும் முழங்கை இல்லாமல் போயிருக்கும். அந்த வீட்டுச் சோற்றில் ஒரு கசப்பு விழுந்திருக்கும். இரகசிய வாக்கு என்று நான் தமிழில் எழுதிக்கொடுத்த விதியின் பொருளும் வேறு எதுவாக இருக்க முடியும்? வாயை மூடிக்கொண்டேன்.

மகேஸ்வரி வந்து நான் மேசைமேல் வைத்திருந்த துணிப்பையை எடுத்து என் கையில் திரும்பக் கொடுத்தார்.

"அரிசியைக் கொண்டுபோங்கோ அண்ணை."

கொழும்பில் செய்தி வேகமாகப் பரவும். சங்கத்துக்காரர்கள் தெருவில் என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பினார்கள். இந்தியாக்காரரால்தான் எல்லாத் தொல்லையும் என்று மேடைதோறும் பேசப்படும் காலம் இது. ஆகவே கதைக்கு நல்ல மண் இருந்தது. "அவை இப்பிடித்தான்" என்று ஒருவர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார். அவை என்றது நம்மை.

அந்த வருடத்தில்தான் வீட்டாரைத் திரும்ப அழைக்க அனுமதி கேட்டுக் கந்தோருக்கு அலைந்தேன். கந்தோர் என்றால் ஆபீஸ். இந்தச் சொல்லுக்கும் நான் பழகிவிட்டேன். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பி, கடைசியில் ஒரு சிங்களக் குமாஸ்தா, கெட்டவர் அல்ல, களைத்தவர், "கவுத தன்னே?" என்று கேட்டார். உம்மை இங்கே யாருக்குத் தெரியும் என்று அர்த்தம். இந்த ஊரில் நிலையாக வசிக்கும் ஒருவர், வேலை கொடுத்தவராக இல்லாமல், எனக்காகச் சொல்ல வேண்டுமாம். தேர்தலுக்கு முன்பாக இருந்தால் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்லியிருப்பேன். "பிறகு வருகிறேன், மஹத்தயா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பிள்ளைகளுக்கு அவசரமும் இல்லை. இங்கிருந்து போகும்போது இருவரும் கொழும்புத் தமிழ் பேசியவர்கள். ஊர்ப் பிள்ளைகள் சுற்றி நின்று சிரிப்பதாக மனைவி எழுதியிருந்தாள். இப்போது மகளின் கடிதத்தில், "இங்க எல்லாம் நல்லாருக்கு, நீங்க எப்பம் லீவுல வருவிய?" என்று இருக்கிறது. லீவில் வருகிறவன். அவள் எழுத்தில் ஒரு குறையும் இல்லை. நன்றாகப் படிக்கிறாள். நான் இருக்கும் அறையோடு அவளைச் சேர்த்துப் பார்க்க எனக்கே முடியவில்லை. வெளியூர்களில் பிள்ளைகள் அந்நியராகிப் போவதைப் பற்றி இந்தப் பத்திரிகையில் மற்றவர்கள் எழுதுகிறார்கள். என் பிள்ளைகள் நம் ஊரில் நம் பிள்ளைகளாகவே வளர்கிறார்கள். அந்நியனாகிறவன் நான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டலில் சாப்பிட்டேன்.

6

சென்ற சனிக்கிழமை ஆண்டுக் கூட்டம். போக வேண்டிய நிருபருக்குக் காய்ச்சல். ஆகவே நான் போனேன். பெரிய நோனா யுத்தம் முடிந்ததால் சீமைக்குத் திரும்புகிறார். அவர் தலைமை வகிக்கும் கடைசிக் கூட்டம். அடுத்த தேர்தலில் குலசிங்கத்தை எதிர்த்து நிற்க யாராவது இருக்கிறார்களா என்பதே பேச்சு.

அதற்கு முன்பு ஒரு விதித் திருத்தம் வந்தது. குலசிங்கத்தின் நண்பன் ஒருவன் எழுந்தான்.

"பார்வையில்லாத அங்கத்தவரைப் பெட்டியடிக்கு அவரவற்ற சொந்தக்காரர் மட்டும்தான் கூட்டிக்கொண்டு போகவேணும். வெளியாக்கள் கூடாது. ஏன் எண்டு நான் விளக்கத் தேவையில்லை. போன வருஷம் நடந்தது எல்லாருக்கும் தெரியும்."

தலைகள் பத்திரிகையாளர் பெஞ்சுப் பக்கம் திரும்பின. நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுவதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கு இல்லை.

"ஆட்சேபம் உண்டா?" என்றார் நோனா.

சபாரத்தினம் எழுந்தார். பக்கத்தில் இருந்த குலசிங்கம், தண்ணீர் வேண்டுமோ என்று நினைத்துத் தானும் கூடவே எழப் பார்த்தான். அவர் அவன் தோளில் கைவைத்து உட்காரச் செய்தார்.

"போன வருஷம் நடந்தது ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் வேலாயுதத்துக்கும்தான் தெரியும். நான் நீலப் பெட்டி எண்டு சொன்னனான். நோனாவுக்குத்தான் போட்டனான். பிறகு வீட்டில வந்து பச்சை எண்டு பொய் சொன்னனான். அந்த மனிசன் வாய் திறக்கேல்ல. இவ்வளவு நாளா நானும் திறக்கேல்ல. இண்டைக்கும் திறந்திருக்கமாட்டன். ஆனால் நான் சொன்ன பொய்யை வைச்சு நீங்கள் சட்டம் போடப்போறியள். இந்தச் சட்டம் வந்தால் சாகுமட்டும் என்ர வோட்டு என்ர வீட்டுக்காரற்ற வோட்டு."

குலசிங்கம் உட்கார்ந்தபடியே, சபைக்கு அல்ல, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டான். ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"அது நீலப் பெட்டிதான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும், அத்தான்?"

"எனக்குத் தெரியாது, தம்பி. நம்பினனான். நீ கூட்டிக்கொண்டு போயிருந்தாலும் நம்பித்தான் இருப்பன். ஒருத்தரையும் நம்பாமல் நான் ஒருக்கா வோட்டுப் போடவேணும். ஒரு பெட்டியைத் தகரத்தில செய்யுங்கோ, மற்றதைப் பலகையில செய்யுங்கோ. கை பாத்துக்கொள்ளும். எங்கட தொழிலே அதுதானே?"

"பிஸ்கட் தகரம் ஒண்டு நான் தாறன்" என்று பின்வரிசையிலிருந்து காசிம் நானா சொன்னார். "உள்ள ஒண்டுமில்ல, பேரப்புள்ளைகள் எல்லாம் திண்டு முடிச்சிட்டாங்க."

சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. நோனா திருத்தத்தை விட்டுவிட்டு, தகரமும் பலகையும் என்ற யோசனையை வாக்குக்கு விட்டார். "கை தூக்குங்கள்" என்று தொடங்கியவர், நிறுத்தி, ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி முடிவைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். பெயர்கள் வரிசை வரிசையாக வந்தன. குலசிங்கத்தின் முறை வந்தது.

"குலசிங்கம். ஆதரவு" என்றான். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு, யாரையும் பார்க்காமல், வெளியே போனான்.

கூட்டம் முடிந்து தேநீரும் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு சபாரத்தினம் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். முழங்கை வரும் என்று காத்திருப்பவரைப் போல வலது கை சற்று முன்னால் இருந்தது.

"ஆர் நிக்கிறது?"

"நாந்தான்."

"கூட்டிக்கொண்டு போறியளே?"

பஸ்ஸில் கோட்டைக்கும், அங்கிருந்து ரயிலில் வெள்ளவத்தைக்கும் போனோம். கடல் பக்க ஜன்னல் கிடைத்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு இடத்தில், "உங்கட மணிக்கட்டு இப்ப எப்பிடி?" என்றார். மழைநாளில் வலிக்கிறது என்றேன். "வலிக்கும்" என்றார்.

ஒழுங்கைக்குள் நுழைந்தபோது மகேஸ்வரி வாசல் கேற்றடியில் நின்றார். எங்களுக்கு முன்பே குலசிங்கம் வந்து, உடுப்புகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் போயிருந்தான். என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

"ஒரு வருஷமா உங்களைப் பிழையா நினைச்சுப்போட்டன், அண்ணை" என்றார் மகேஸ்வரி. முகம் அழுது வீங்கியிருந்தது. "இனிப் பிழையா நினைக்க வீட்டுக்குள்ளயே ஆள் இருக்கு."

உள்ளே போய்விட்டார். அடுப்படியில் ஏதோ பாத்திரம் பலமாக வைக்கப்பட்டது.

சபாரத்தினம் கேற்றின் கம்பியைத் தடவிப் பிடித்தார். மற்றக் கை இன்னும் என் முழங்கையில் இருந்தது.

"திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு யார் கூட வருவா?" என்று கேட்டேன்.

"தடி இருக்கு."

"நான் வாரேன். கோட்டையிலேர்ந்து ரயிலேறி வந்துட்டுப் போறது எனக்குப் பெரிசில்ல. மத்தியானந்தான் எனக்கு வேலை."

அவர் யோசித்தார் என்று நினைக்கிறேன். நான் வர வேண்டும் என்று அவருக்கு உண்மையில் இருந்திருக்கலாம்.

"வேண்டாம், வேலாயுதம். நீங்கள் வந்து நிண்டால் அவன் திரும்பி வரமாட்டான். அந்த இடத்தில ஒருத்தரும் இல்லை எண்டு கண்டால்தான் வருவான். ஞாயிற்றுக்கிழமையும் வராதேங்கோ. கொஞ்ச நாளைக்கு."

"சரி" என்றேன்.

என் முழங்கையை விட்டுவிட்டு உள்ளே போனார். வாசற்படியை அவருடைய கால் தேடி எடுக்கும்வரை நின்று பார்த்தேன்.

குலசிங்கம் திரும்பி வந்தானா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் போய்க் கேட்கக்கூடிய வீடு கொழும்பில் ஒன்றுதான் இருக்கிறது. அது அந்த வீடு.